இடிந்து கிடக்கும் பூர்வீக மனையில் புது வீடுகள் கட்டுவது எப்படி?

கேள்வி இது: காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் பூர்வீக வீடு இடிந்து கிடக்கிறது. முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது. மனை 60 அடி அகலம், 200 அடி நீளம், முன்னும் பின்னும் தெரு. பங்காளிகள் பலர் வெளியூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இதை விற்றுவிட்டு பைபாஸ் ஓரம் புது லேஅவுட்டில் மனை வாங்கலாமா, இதிலேயே நாலைந்து வீடுகள் கட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

விற்க வேண்டாம், அதிலேயே கட்டுங்கள். தெரு, மின்கம்பம், குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. லேஅவுட்டுகள் பலவும் புஞ்சைக் காட்டில் போடப்படுபவை. அந்தக் காடுதான் கண்மாய்க்கும் ஊருணிக்கும் நீர்ப்பிடிப்பு. வரத்துக்காலை (நீர் வரும் வாய்க்காலை) மறித்துச் சாலை போட்டபின் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மனைக்குள் நிற்கும், ஊருணி காய்ந்து கிடக்கும். ஊருக்குள் இத்தனை மனைகளைப் பாழாகப் போட்டுவிட்டு ஊருக்கு வெளியே நீர்வழியில் வீடு கட்டுவது செட்டிநாட்டுக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பதில் முழுக்க இடிந்துபோன வீட்டு மனைக்கு உரியது. கூரையோடு நிற்கும் வீட்டை மனைக்காக இடிப்பதற்கு இதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் யாரையும் தடுக்கும் சட்டம் அன்று. தடுக்க வேண்டியவர்கள் உரிமையாளர்கள்தான். நிற்கும் வீட்டில் ஒவ்வொரு கட்டையும் (பகுதியையும்) தனித்தனிக் குடித்தனமாகப் பிரித்து, தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் புதிதாக வைப்பதே நல்ல வழி.

உங்கள் வேலையில் கடினமான பகுதி கட்டுமானம் இல்லை, உரிமைதான். ஆண் மக்களுக்குக் கல்யாணம் ஆனதும் வளவை (முற்றம் உள்ள உள்கட்டை) சுற்றி ஆளுக்கு ஓர் அறை ஒதுக்குவது இங்கே வழக்கம். அதனால் பழைய பாகப் பத்திரங்களில் பங்கு நிலமாக எழுதப்பட்டிருக்காது. 'கீழ்ப்பத்தியில் இரண்டாவது அறை, முற்றம், கிணறு, நடைபாதையில் பொதுப் பாத்தியம்' என்கிற மாதிரி இருக்கும். வீடு நிற்கும்வரை இது பிரச்சினை இல்லை. வீடு விழுந்ததும் அந்த அறையே இல்லை, பொதுப் பாத்தியம் மட்டும் காற்றில் நிற்கிறது. எனவே எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து, அறைக் கணக்கை மொத்த மனையின் பின்னமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னாருக்கு 1/6, இன்னாருக்கு 1/12 என்று எழுத்தில் வந்த பிறகுதான் வரைபடம், அனுமதி, கடன் எதுவும் நகரும். அறையின் நீள அகலத்தை வைத்துப் பங்கு கேட்பவர் ஒருவராவது இருப்பார். அறை அளவை விடுங்கள், கொடிவழியை (வம்சாவளியை) வைத்துக் கணக்கிடுங்கள். சண்டை குறையும், நீதிமன்றத்திலும் நிற்கும்.

கொடிவழி எழுதும்போது பெண் மக்களை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. தந்தை அந்தத் திருத்தத்துக்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப் பிரிவினைகளை மட்டும் அந்தத் திருத்தம் கலைக்காது. 'அத்தைகளிடம் அப்புறம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால், வங்கியின் வழக்கறிஞர் கடன் கோப்பை அங்கேயே நிறுத்துவார்.

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் வர முடியாவிட்டால் பவர் எழுதித் தரலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் நிறைய. வெளிநாட்டில் வசிக்கும் பங்காளி தன் பங்கை உங்களுக்கே விற்றால், 50 லட்சத்துக்குக் கீழே வரி பிடிக்க வேண்டாம் என்கிற உள்ளூர் விதி அவருக்குப் பொருந்தாது. தொகை எதுவானாலும் வாங்குபவர் வரி பிடித்துச் செலுத்த வேண்டும். ஆடிட்டரிடம் கேட்காமல் பணத்தைக் கைமாற்றாதீர்கள்.

குடும்பத்தாருக்கு இடையிலான பாகப் பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா 1 சதவீதம். 2023 ஜூலை முதல் தீர்வைக்குப் பங்கு ஒன்றுக்கு 40,000 ரூபாயும், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும் உச்சவரம்பு. சலுகை நெருங்கிய உறவுக்கு மட்டுமே, மூன்று தலைமுறை விலகிய பங்காளிக்குக் கூடுதல் விகிதம் வரும். அதனால் முதலில் ஒவ்வொரு கிளையும் தனக்குள் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதி ஒருவர் பேருக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கிளைகளுக்கு இடையே பிரித்துக்கொள்வது செலவுக்கும் நல்லது, கையெழுத்துகளும் குறையும்.

ஒரு பங்காளி மட்டும் ஒத்து வரவில்லை என்றால் பாகப் பிரிவினை வழக்குதான் வழி. மனையை வெட்டிப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், 1893-ன் பாகப் பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பங்கிட உத்தரவிடலாம். ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஒத்துவராதவரின் பங்கை அவர் கேட்கும் விலையில் பாதித் தூரம் ஏறியாவது வாங்கிவிடுவது, வழக்குச் செலவையும் கட்டுமான விலையேற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் மலிவாகவே முடியும்.

அடுத்து அளவு. ஊர் நத்தமாக இருந்தால் நத்தம் பட்டா, நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், இரண்டுக்கும் புலப்படம் (நில அளவை வரைபடம்) எடுங்கள். பழைய வீட்டின் சுவர் வேறு, புலப்படத்தின் கோடு வேறு. இரண்டு மூன்று அடி வித்தியாசம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சர்வேயரை வைத்து, இரு பக்கத்து வீட்டாரையும் நிறுத்தி, கல் ஊன்றிவிட்டுத்தான் இடிப்பு வேலைக்குப் போக வேண்டும். சுவர் போன பிறகு அளந்தால் பொதுச் சுவர் யாருடையது என்பதற்குச் சாட்சியே இருக்காது. மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னத்துக்கு அருகில் இருந்தால், உதாரணமாகத் திருமயம் கோட்டைப் பக்கம், 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி தேவை.

60 க்கு 200 என்பது 12,000 சதுர அடி, ஏறக்குறைய 27.5 சென்ட். குறுக்கே நாலு துண்டாக வெட்டினால் நடு இரண்டுக்கும் தெரு கிடைக்காது. அதற்காக உள்ளே பாதை விட்டால் மனையில் கணிசமான பகுதி பாதைக்கே போய்விடும். இரட்டைத் தெரு இருப்பதைப் பயன்படுத்துங்கள். நடுவே குறுக்கே ஒரு கோடு, நீளவாக்கில் ஒரு கோடு. 30 க்கு 100 அளவில் நாலு மனை, ஒவ்வொன்றும் 3,000 சதுர அடி, எல்லாவற்றுக்கும் சொந்தத் தெரு முகப்பு. நீளவாக்கில் இரண்டு கோடு போட்டால் 20 க்கு 100 அளவில் ஆறு மனை, தலா 2,000 சதுர அடி.

ஆறு மனைக்கு ஒரு வசதி உண்டு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை, தரைத்தளமும் மேல் ஒரு தளமுமான வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. 3,000 சதுர அடி மனை அதற்குள் வராது, வழக்கமான கட்டட அனுமதிதான். ஆனால் 20 அடி அகலத்தில் இரண்டு பக்கமும் இடம் விட்டால் 13, 14 அடிதான் மிஞ்சும், வீடு ரயில் பெட்டியாகிவிடும். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியாக (சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டும் பகுதியாக) அறிவிக்கப்பட்டிருந்தால் பக்க இடைவெளி விலக்கு உண்டு, அப்போது ஆறு மனை சரி. இல்லையென்றால் நாலு மனையே நிம்மதி. எதுவானாலும் உட்பிரிவுக்கு அனுமதி வாங்கியே பத்திரம் போடுங்கள். அனுமதியில்லாத மனைப்பிரிவை இப்போது பதிவே செய்ய மாட்டார்கள். பங்காளிகள் தங்களுக்கே கட்டிக்கொண்டால் ரேரா (மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்) பேச்சில்லை. விற்பனைக்குக் கட்டுவதாக இருந்தால் 500 சதுர மீட்டர், 8 வீடு என்ற ரேரா வரம்புகளை முன்கூட்டியே பாருங்கள். உங்கள் மனையே 1,115 சதுர மீட்டர்.

இடிப்பு காண்ட்ராக்டில் ஏமாறுவது மிகச் சாதாரணம். வழக்கமாக ஒப்பந்தக்காரர் ஒரு தொகை கொடுத்து 'வீட்டை மொத்தமாக' எடுத்துக்கொள்வார். தேக்கு, கல்தூண், நிலை, இரும்புக் கிராதி போனதும் ஆள் வர மாட்டார். காரையும் செங்கல்லும் குவிந்து கிடக்கும். அது எவ்வளவு என்று ஒரு கணக்கு: சுவர் நீளம் மொத்தம் 800 அடி, கனம் ஒன்றரை அடி, உயரம் 12 அடி என்றால் 14,400 கன அடி, அதாவது 144 யூனிட். உடைந்ததும் மூன்றில் ஒரு பங்கு உப்பும். 3 யூனிட் டிப்பரில் 60 லோடுக்கு மேல். இதை அப்புறப்படுத்தும் செலவு மரத்தின் விலையில் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் இருக்க வேண்டும்: கடைக்கால் (அஸ்திவார) கல்வரை தோண்டி எடுக்க வேண்டும், தெரு மட்டத்துக்கு மேல் ஒரு கூடை இடிபாடும் நிற்கக் கூடாது, கிணற்றில் எதையும் கொட்டக் கூடாது. கடைசித் தவணையைக் கிணற்றை எட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

உங்களுக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பிறகு அதையே தேடி வாங்கினால் விலை வேறு. சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல்லைக் கொத்திச் சுத்தம் செய்தால் தோட்டச் சுவருக்கும் தளத்துக்கும் ஆகும், சிமெண்டுச் சுவரில் அந்தப் பேச்சே இல்லை. ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் படுகையில் பதித்திருந்தால் மெல்லிய உளியால் நெம்பினாலே முழுசாக வரும். நிலையும் கதவும் அறுக்கக் கொடுக்குமுன் ஆசாரியிடம் காட்டி ஆணிகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். பர்மா தேக்கில் மறைந்திருக்கும் ஆணி பட்டறை வாளைப் பாழாக்கிவிடும், அந்தக் காரணம் சொல்லியே விலையையும் குறைப்பார்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் குறுக்குச் சுவர்கள்தான் இத்தனை நாள் அதற்கு முட்டு. அவற்றை ஒரே நாளில் ஜேசிபி வைத்துத் தள்ளினால் நூறு அடி நீளச் சுவர் தாங்கலின்றி நிற்கும், அடுத்த மழையில் சாயும். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக, குறுக்குச் சுவரில் மூன்றடித் துண்டை விட்டு வையுங்கள். சுவரின் தலையைச் சுண்ணாம்புக் கலவையால் மூடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் மேலிருந்து தண்ணீர் இறங்குவதுதான் பெரும்பாலான சரிவுகளுக்குக் காரணம்.

முகப்பு நிற்கிறது என்றீர்கள். சுவர் செங்குத்தாக இருந்தால், விரிசல் அடிவரை இறங்காமல் இருந்தால், அதை வைத்துக்கொண்டு பின்னால் புது வீட்டைக் கட்டச் சொல்லுவேன். புதுக் கட்டடத்தின் எடையை அதன்மேல் ஏற்றக் கூடாது. தனிக் கான்கிரீட் தூண்கள், முகப்புக்கும் அவற்றுக்கும் இடையே ஓரங்குல இடைவெளி. சுண்ணாம்புச் சுவரும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை, கட்டிப் பிணைத்தால் பூச்சு பிளக்கும். முகப்பில் சிமெண்டு பூசவே கூடாது, ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் உதிரும்.

இப்போது மண். இந்தப் பக்கம் செம்மண்ணும் செம்பூராங்கல்லும், தாங்குதிறன் நல்லதுதான். ஆனால் உங்கள் மனையின் மேல் ஐந்தடி இயற்கை மண் இல்லை. பழைய கடைக்கால், மூடிய கிணறு, கழிவுக் குழி, இடிபாடு, சீமைக் கருவேல வேர் எல்லாம் கலந்த மண். தூண்களில் சில பழைய கடைக்கால் மேலும் சில கொட்டிய மண் மேலும் நின்றால், ஒன்று இறங்கும், மற்றது இறங்காது. இரண்டாவது ஆண்டில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வரும், எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும். ஒவ்வொரு மூலையிலும் நடுவிலும் 5, 6 அடிக் குழி தோண்டி, கலப்படமில்லாத மண் எந்த ஆழத்தில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தூணின் அடியும் அந்த மண்ணில்தான் உட்கார வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஆழம் அதிகம் என்றால் அங்கே மட்டும் ஆழப்படுத்தி மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பலாம். மேலே கட்டாயம் பிளிந்த் பீம் (தரை மட்டத்துக் கான்கிரீட் உத்தரம்) கட்டி எல்லாத் தூண்களையும் இணைக்க வேண்டும். தரைக்குள் நிரப்பும் மண்ணை ஆறங்குல அடுக்காகப் போட்டு, நனைத்து, திமிசு அடிக்க வேண்டும். மூன்றடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டித் தண்ணீர் விடுவது பலர் செய்வது, ஆத்தங்குடித் தளம் குழிவது அதனால்தான்.

கரையான் இந்த மனைகளில் கட்டாயம் இருக்கும். புதைந்த மரமும் வேரும் அதற்குத் தீனி. அஸ்திவாரக் குழியிலும் தளம் போடுமுன் நிரப்பு மண் மேலும் மருந்து அடியுங்கள். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர், சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல். கிணற்றுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள்.

அந்தக் கிணற்றை மூடவும் வேண்டாம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்து, அதில் ஐந்தில் நாலு பங்கு பிடித்தாலும் 67,000 லிட்டர். மணல், கருங்கல் ஜல்லி போட்ட வடிகட்டி வழியாகக் கிணற்றில் இறக்கிவிடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமும்கூட. தரை மட்டத்தை உயர்த்தும்போது பக்கத்து வீட்டு முற்றத்துத் தண்ணீர் உங்கள் மனை வழியாகத் தெரு வடிகாலுக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊர்களின் தெருக்களே மழைநீரை ஊருணிக்குக் கொண்டுபோகும் சரிவில் போடப்பட்டவை. உங்கள் மேட்டால் அந்த வழி அடைபட்டால் பக்கத்து வீடு அடுத்த இடிபாடாகிவிடும்.

நூறடி நீள வீட்டில் முற்றம் இல்லாமல் வெளிச்சம் வராது. தெருவிலிருந்து 35, 40 அடியில் குறைந்தது 10 க்கு 10 முற்றம் வையுங்கள், படிக்கட்டை அதை ஒட்டி வையுங்கள். மேலே கண்ணாடி போட்டு மூடாதீர்கள், வெக்கை இறங்காது. மற்றதை உங்கள் பொறியாளர் பார்த்துக்கொள்வார்.

வேலையைத் தை, மாசியில் இடிப்போடு தொடங்கினால் ஆனிக்குள் பிளிந்த் மட்டம் வந்துவிடலாம். ஐப்பசி மழைக்குத் திறந்த குழியோடு சிக்கக் கூடாது.

இதேபோல் ஊருக்குள் மூடிக் கிடக்கும் அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, டூரிங் கொட்டகை மனைகளையும் வாங்கிப் பார்க்கிறவர்கள் உண்டு. அங்கே உரிமைச் சிக்கல் குறைவு, மண் சிக்கல் அதிகம். ஆலை மனையில் உமிச் சாம்பலைக் கொட்டிப் பள்ளத்தை நிரப்பியிருப்பார்கள். அது பஞ்சுபோல் அமுங்கும், மொத்தமும் தோண்டி எடுக்க வேண்டும். டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் எண்ணெய் ஊறிய மண்ணை நாற்றம் போகும் ஆழம்வரை அகற்றுங்கள், அதன் அருகே குடிநீர் ஆழ்துளை போட வேண்டாம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் தண்ணீர் தெளித்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்க வேண்டும். உடைந்தால் பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு.

ஒரு குடும்பம் மட்டும் செய்தால் ஒரு மனை நிரம்பும். ஊரே செய்ய வேண்டுமானால் பாழ்மனைகளின் பட்டியல் வேண்டும். இங்கிலாந்தில் 2017 முதல் ஒவ்வொரு உள்ளாட்சித் திட்ட அமைப்பும், முன்பு கட்டடம் இருந்து இப்போது வீடு கட்டத் தகுந்த நிலங்களுக்கு ஒரு பதிவேடு வைத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. கால் ஹெக்டேர் அல்லது 5 வீட்டுக்கு இடம் என்பது அங்கே குறைந்த அளவு. நம் ஊருக்கு அந்த அளவு பெரிது, 5 சென்ட் போதும். சர்வே எண், பரப்பு, தெரு முகப்பு எத்தனை அடி, கூட்டுப் பட்டாவில் எத்தனை பேர், கிணறு உண்டா, கட்டடம் எந்த நிலையில் என்று ஆறு பத்திகள் கொண்ட பதிவேட்டை ஊராட்சிச் செயலரும் விஏஓவும் சேர்ந்து தயாரித்துவிடலாம். கிராம சபையில் மனுவாகக் கொடுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனபின் அங்கே இதற்கு இன்னும் அதிகத் தேவை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் கிடைக்கிறது, ஆனால் பயனாளி பேரில் பட்டா நிலம் இருக்க வேண்டும். பாழ்மனையில் ஒரு மூலையை ஊரில் குடிசையில் இருப்பவருக்குக் கிரயம் செய்து கொடுக்க முன்வரும் பங்காளிகளும், அந்த மனை எங்கே இருக்கிறது என்று தெரியாத பயனாளியும் சந்திக்க அந்தப் பதிவேட்டைத் தவிர வேறு இடம் இல்லை.